ஐந்தாவது காற்றுவழி

விற்பனை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு: வீட்டின் சென்ட்ரல் ஏசி குழாய்கள் செல்லும் வழியைக் காட்டும் வரைபடத்தை, சாவி கொடுக்கும் நாளிலேயே விற்பவர் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பிரிவை எழுதியவன் நானே. நன்றாக எழுதப்பட்ட விதியை யாரும் படிப்பதில்லை என்பது அரசுப் பணியில் நான் கற்ற பாடம். சாவி வந்தது, வரைபடம் வரவில்லை.

வேங்கிக்காலில் இந்த வீட்டை வாங்கியதே அந்த ஏசிக்காகத்தான். ஒரு நரம்பு நோய்க்குப் பிறகு என் மனைவிக்கு வியர்ப்பது நின்றுபோனது. அறை சூடேறினால் உடம்பு கொதித்து மயங்கிவிடுவாள். இந்த ஊரிலோ பாறை மலை பகலெல்லாம் காய்ந்து, பொழுது போன பிறகும் அனலடிக்கும்.

சித்திரையில் படுக்கையறைக்குக் குளிர் வருவது நின்றது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் ஏணியில் ஏறி, கூரையில் காற்று வரும் திறப்பருகே ஊதுபத்தியைக் காட்டினார்.

“பொகை நம்ம மேல வரணும் சார். உள்ள போவுது.”

“எங்க போகுது?”

“தெரியல சார். யாரோ மூச்ச இழுக்கிற மாதிரி இருக்கு.” சிரித்தார். இறங்கி வந்து சுவரிலிருந்த கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தார். “ஊட்ல ரூமு நாலு. இதுல நம்பர் அஞ்சு இருக்குது. அஞ்சாவது எங்க சார்?”

“நான் நாலுதான் வாங்கினேன்.”

“அப்ப ஒண்ணு ஃப்ரீ சார்.”

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஆனால் வரைபடம் இல்லாமல் கூரையில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மனைவியின் நிலையைச் சொல்லி விற்றவருக்கு எழுதினேன். கடிதம் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை வந்தது. நினைவூட்டுக் கடிதங்களுக்கும் அட்டைகள் வந்தன. அட்டைகள் மட்டும்.

ஒரு மத்தியானம் மனைவியைப் படுக்கையறையில் காணவில்லை. நடைக்கோடியில், கதவோ ஜன்னலோ இல்லாத சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, இங்க தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருக்கு.”

தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடம் ஒலித்தது. எங்கள் குளிர் எல்லாம் அங்கேதான் போகிறது என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து அவள் பாயும் சாப்பாடும் அங்கே. சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். உடம்பு ஒருநாளும் கொதிக்கவில்லை. ஆனால் பேச்சு வரவரத் தணிந்தது. ஒருநாள் டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

“தூங்கறாரு.”

“யாரு?”

அவளே திகைத்தாள். “தெரியலீங்க. வாய்ல வந்துடுச்சு.”

சுவரை இடித்துவிட மெக்கானிக்கை மறுபடி அழைத்தேன். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“இடிக்கறதுக்கு முன்னாடி எழுதிக் கேக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?” என்றாள் மனைவி. “கேட்டிருக்கீங்க இல்ல? பதில் வரட்டும்.”

என் விதியாலேயே தோற்றேன். போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே மெக்கானிக் போனார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

பதில் ஒரே பக்கம். வரைபடமும் இருந்தது. ஐந்தாம் எண்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

“அது என் அப்பாவின் அறை. அவருக்கும் வெக்கை தாங்காது. அவர் காலமான பிறகு, அங்கே போன குழாயை அறுத்து அடைத்துவிட்டு, கதவை எடுத்துச் செங்கல் வைத்துப் பூசினோம். இப்போது அந்த அறைக்குக் காற்று போக வழியே இல்லை. நீங்கள் ஏசியை மாற்ற அது தடையாக இருக்காது.”

சத்தமாகப் படித்துக் காட்டினேன். பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஏசி ஓடவில்லை. வெளியே பொன்னுருகக் காய்ந்துகொண்டிருந்தது. சட்டை என் முதுகில் ஒட்டியிருந்தது.

“பதில் வந்துடுச்சு. இடிக்கட்டுமா?”

அவள் கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. மெல்லச் சொல்லுங்கள் என்பதுபோல் உதட்டில் விரல் வைத்தாள். அவள் நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. சுவரைத் தொட்டேன். அதைவிடக் குளிர்ச்சி.

பேனாவை எடுத்துக் கடிதத்தின் மூலையில், பழைய வழக்கப்படி, ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அதன் கீழே, பெறப்பட்ட நாள்: புரட்டாசி ஏழு.