பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்

மூன்றாம் பாடவேளையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. வகுப்பில் எடுப்பதில்லை என்பதால் விட்டுவிட்டேன். மூன்றாவது முறை அதிர்ந்ததும் வராந்தாவுக்கு வந்தேன். கௌசல்யா. கொல்லிமலையில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். "டீச்சர், அப்பா போயிட்டாருங்க" என்றாள். உள்ளே பிள்ளைகள் ஒரு பத்தியைச் சேர்ந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ராசிபுரத்தில் பஸ் ஏறினேன். காரவள்ளி தாண்டி மலை ஏறி, செம்மேட்டில் இறங்கி, திண்ணனூர் நாடு என்ற மலைப்பகுதிக்குப் போகும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, கடைசியில் ஒற்றையடிப் பாதையில் நடந்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவள் அப்பா வெள்ளையண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பழைய மாணவர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவருக்குக் கதை சொன்னவர்கள். உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளையன் ஆசிரியர் அல்லர். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும், சாமையும் போட்ட மலை விவசாயி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவைத்தவர் அவர்தான்.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. மலைக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது. அந்த அளவுக்குக் கர்வமும் இருந்தது. வந்த இரண்டு ஆண்டுகளில் என் வகுப்புப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறாமல் வாசித்தார்கள். யார் வந்தாலும் ஒருத்தியை எழுப்பி வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் கௌசல்யாவைத்தான். தண்ணீர் ஓடுவதுபோல் வாசிப்பாள்.

ஒரு நாள் காலை மணியடித்த கொஞ்ச நேரத்தில் வெள்ளையண்ணன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"ஏனுங்க டீச்சர், ஒரு நிமிசமுங்க. இந்தக் காயிதத்தக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

நில அளவை சம்பந்தமான ஓர் அறிவிப்பு அது. அவருடைய விவசாயக் காட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் உரிமை கேட்டிருந்தார். ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதியில் நேரில் வந்து தெரிவிக்க வேண்டும், வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்தத் துண்டு நிலத்தில்தான் அவருடைய அப்பா நட்ட மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் இருந்தன.

"இது வந்தப்பவே யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமேண்ணா?" என்றேன்.

"காட்டுனேனுங்க. எம் புள்ளதான் படிச்சா. ஒரு எழுத்து வுடலீங்க. எங்க ஊட்டுக்காரி, எந் தம்பி எல்லாரும் உக்காந்து கேட்டோம். என்ன கண்ணு சொல்லுதுன்னேன். ஆபீஸ்ல இருந்து வந்திருக்குதுப்பா, உம் பேரெல்லாம் போட்டிருக்குதுன்னா. எங்களுக்குச் சந்தோசமாப் போச்சுங்க. மடிச்சுப் பொட்டில வெச்சுட்டோம்."

கௌசல்யா முதல் வரிசையில் இருந்தாள். நான் ஒரு தவறு செய்தேன். அவளை எழுப்பி, அந்தக் காகிதத்தைக் கொடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். அழுகை முட்டிய குரலிலும் அவள் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. அந்த நேரத்திலும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. "ஆட்சேபணைன்னா என்னம்மா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பையே கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

"இது ஆபீஸ் தமிழுண்ணா. பெரியவங்களுக்கே புரியாது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிங்க. அப்பப் பொஸ்தகத்துல இருக்கறதாச்சும் இவங்களுக்குப் புரியுதுங்களா? ஒரு பாடம் படிக்கச் சொல்லுங்க டீச்சர். நானும் கேட்டுக்கறேன்" என்று பின்வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

அன்றைய பாடம் கலங்கரை விளக்கம் பற்றியது. செல்வி வாசித்தாள். முடித்ததும் வெள்ளையண்ணன் கேட்டார்: "கடலுக்குப் பக்கத்துல எதுக்குச் சாமி அவ்வளவு ஒசரத்துல வெளக்கு? யாருக்கு?"

செல்வியே "மீனுக்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மீனுக்கா? மீனு வெளக்கப் பாத்து என்ன பண்ணும்?" என்று உண்மையாகவே கேட்டார். அவருக்கும் தெரியாது. கடலை அவர் பார்த்ததே இல்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தினார். "நீங்க சொல்லிராதீங்க டீச்சர். அவங்க பொஸ்தகத்துல தேடட்டும்."

தேடினார்கள். அந்த ஒரு பக்கத்தை நாலு முறை படித்தார்கள். 'பாறை' என்ற சொல்லை ஒருத்தி கண்டுபிடித்தாள். 'மாலுமி' என்றால் யார் என்று இன்னொருவன் என்னைக் கேட்டான். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டது அதுவே முதல் முறை. மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை. "கப்பல் பாறையில முட்டிக்காம இருக்கறதுக்குங்க!" என்று செல்வி கத்தியபோது, வெள்ளையண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு, "அதான பாத்தேன்!" என்றார். நிலம் போன துக்கத்தோடு வந்த மனிதர்.

அவரை வாரம் ஒருமுறை வரச் சொல்லிக் கேட்டது நான்தான். வியாழக்கிழமை மதியம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பிள்ளை வாசிக்கும், புத்தகத்தை மூடும், படித்ததை அவருக்குச் சொல்லும். அவ்வளவுதான் ஏற்பாடு. அவர் சோதிக்கிற மாதிரி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தனக்குத் தெரியாததை மட்டுமே கேட்டார். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. நான் கேட்டால் சரியான விடையைத் தேடினார்கள். அவர் கேட்டால் அவருக்குப் புரியவைக்கப் பாடுபட்டார்கள். யாராவது கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் உடனே பிடித்துவிடுவார். "பொஸ்தகத்துல இருக்குதா கண்ணு, இல்ல நீயாச் சொல்றியா?" என்பார். நீயாகச் சொல்வது தப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சில மாதங்களில் பிள்ளைகளே, "இது பொஸ்தகத்துல இருக்குதுங்க, இது நானா நெனச்சதுங்க" என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்து எழுதப்போவது எனக்குப் பெருமை தராது. ஒரு வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், கௌசல்யாவுக்கு அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒரு பிள்ளை பாதியில் நிறுத்தி, "சார், இந்த வரி வெளங்கலீங்க, இன்னொருக்காப் படிச்சுக்கறேன்" என்றது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் குறிப்பேட்டில் வாசிப்பு வேகம் போதாது என்று எழுதினார். வெளியாட்களை வகுப்பில் உட்கார வைப்பது பற்றியும் ஒரு வரி எழுதினார். நான் பயந்துவிட்டேன். அந்த வாரம் வெள்ளையண்ணன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்ணா" என்றேன். காரணம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவர் அன்று மட்டும், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஆறு வியாழக்கிழமைகள் அவர் வரவில்லை. வகுப்பு மறுபடி கடகடவென்று வாசித்தது. ஏழாவது வாரம் நானே அவர் காட்டுக்கு நடந்தேன். கிழங்குக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவள், அதிகாரி எழுதியதை மட்டும் சொன்னேன்: பிள்ளைகள் மெதுவாக வாசிக்கிறார்களாம்.

களைக்கொத்தைக் கீழே வைத்தார். "ஏனுங்க டீச்சர், காரவள்ளில இருந்து ஏறி வர்ற பஸ்ஸ, ஏன் மெதுவா வருதுன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

நான் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை அவர் பின்வரிசையில் இருந்தார். அடுத்த ஆய்வில் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சமவெளிக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கிய மாற்றல்தான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. புதிய பள்ளியில் அதே முறையில் கற்பிக்கிறேன். ஆனால் அங்கே தெரியாதவராக உட்கார ஒருவர் இல்லை. நான் தெரியாததுபோல் நடித்துக் கேட்கிறேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அவர் நோயில் இருந்த நாட்களைப் பற்றி அடக்கத்தன்று கௌசல்யா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் பின்னால், மிளகு காயப்போடும் களத்து ஓரத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சோதனை எல்லாம் முடித்து ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இவள் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் படித்திருக்கிறாள். புரியாத சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகப் பொருள் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"முழுசாப் புரிஞ்சுதுங்க டீச்சர். புரியாமப் போயிருக்கலாம்னு இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். "மாத்திரை சாப்புட்டாச் சரியாயிரும்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அவர், "காயிதத்துல இருக்குதா கண்ணு, இல்ல நீயாச் சொல்றியா?" என்றாராம்.

"அதுக்கு நான் பொய் சொல்லலீங்க டீச்சர். நானாச் சொன்னேம்ப்பான்னுட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'சரி, அது இருக்கட்டும். நல்லாத்தான் சொன்ன. இப்பக் காயிதத்துல இருக்கறதையும் சொல்லு'ன்னாருங்க. சொன்னேன். ஒவ்வொரு வரியாச் சொன்னேன். நடுவுல ரெண்டு எடத்துல கேள்வி கேட்டாரு. வெளங்குச்சுன்னாரு."

அதன் பிறகு அவருக்கு நாற்பது நாள் இருந்தது. விதைச் சாமை யாருக்கு, எந்த மரத்தில் எப்போது மிளகு பறிப்பது என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்திருக்கிறார்.

கிளம்புகிற நேரத்தில் அவள் இன்னொன்றும் சொன்னாள். மலையில் இருந்தபோது நான் ஒருமுறை அவரிடம், "உங்களுக்கு எழுத்துச் சொல்லித் தரட்டுங்களாண்ணா?" என்று கேட்டிருந்தேன். "நான் படிச்சுக்கிட்டா இந்தப் புள்ளைங்க யாருக்குச் சொல்லுவாங்க?" என்று சிரித்தார். எவ்வளவு அழகான பதில் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்; ஒரு பயிற்சிக் கூட்டத்தில்கூடச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். கௌசல்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னாருங்களாம். 'கூச்சமா இருந்துச்சு, என்னமோ சொல்லிட்டேன். டீச்சர் இன்னொருக்காக் கேட்டாங்கன்னா சரின்னுருவேன்'னு."

நான் இன்னொருமுறை கேட்கவில்லை. அந்த மலையில் அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் இருந்தேன். ஐந்து ஆண்டும் வியாழக்கிழமைகள் வந்தன.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கைபேசியில் அவர் அனுப்பிய குரல் பதிவு ஒன்று இருக்கிறது. என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். போன பலாப்பழக் காலத்தில் அனுப்பியது. பின்னால் ஒரு கோழி கத்துகிறது. யாரோ வாளியை இழுக்கிறார்கள். "டீச்சருங்களா, நான் வெள்ளையன் பேசறேனுங்க. ஊட்டுக்குப் பின்னால இருக்கற மரத்துல பழம் பழுத்துருச்சுங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வுட்டு வெச்சிருக்கறேன். எப்ப வர்றீங்க?" அவ்வளவுதான்.

அன்று பள்ளியில் ஏதோ வேலை. பேசக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், "கட்டாயம் வருகிறேன் அண்ணா" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். எழுத்து தெரியாத மனிதருக்கு. பிறகு போகவும் இல்லை. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அந்த வரிக்கு மட்டும் அவர் யாரிடமும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார். நான் வருவேன் என்றே அவருக்கு விளங்கியிருக்கும்.