முப்பத்தொன்பது நிமிடம்

அண்ணன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்ன லேப்டாப் கொண்டுவந்தான். பள்ளிக்கூடத்து அட்லஸ் அளவுதான் இருக்கும். மூடியின் மேல்விளிம்பில் கேமரா இருந்தது. சிடி போடுகிற இடம் மட்டும் இல்லை. எங்கே என்று தேடிப் பார்த்துக் கேட்டேன். இப்போதெல்லாம் இப்படித்தான் வருகிறது, பென் டிரைவ் இருக்கும்போது சிடி எதற்கு என்றான், பெரிய மனுஷத் தோரணையில். எனக்கும் அப்போது அது ஒரு குறையாகப் படவில்லை.

லேப்டாப்பை எங்களிடம் விட்டுவிட்டுத் துபாய் திரும்பினான். அங்கே அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. நான் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் இன்டர்நெட் டேட்டா கார்டைச் செருகி வீடியோவில் அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்பா அன்று மட்டும் தறியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலைவாரிக் காத்திருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட அவர் இப்படித் தயாரானதில்லை. பேச ஆரம்பித்தால் கேமராவுக்குள் நுழைந்துவிடுவதுபோல் கிட்டே போவார். அண்ணனுக்கு நெற்றியும் விபூதியும்தான் தெரியும். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டுமே என்று வேறு கத்துவார். அம்மா பின்னால் நின்று சாப்பிட்டாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், அதற்கு மேல் அவளுக்குக் கூச்சம்.

ஆனி மாதக் கடைசியில் அது நின்றுபோனது. சித்தப்பா மகன் கல்யாண போட்டோக்களை யாரோ பென் டிரைவில் கொடுத்தார்கள், போட்டோவோடு வைரஸும் வந்தது. கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஓ.எஸ். போட வேண்டும், ஆனால் சிடி போட இதில் வழியே இல்லை, வெளியிலிருந்து மாட்டுகிற டிரைவ் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். வரும் வரும் என்று இரண்டு வெள்ளிக்கிழமை போயின. அந்த இரண்டு வாரமும் அப்பா போனில்தான் பேசினார். சட்டை போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி. விடிகாலையில் அப்பா மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். அவன் அழுததைவிட அலைந்ததுதான் அதிகம். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, கம்பெனி ஆபீஸ் வெள்ளியும் சனியும் திறக்காது, மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஒருநாள் வைத்திருக்கலாமா என்று சித்தப்பாவைக் கேட்டேன். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையில் எடுக்கவே கூடாது என்று பெரியவர்கள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். இருட்டுவதற்குள் எடுப்பது என்று முடிவானது. கொள்ளிச்சட்டியைச் சித்தப்பா மகன் தூக்குவான் என்றும் பேசினார்கள்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்னது: "அந்த கேமராவுலயாச்சும் ஒரு வாட்டி மொகத்த காட்டு பாப்பா. நான் வேற எதுவும் கேக்கல."

பக்கத்துத் தெருவில் பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்துகிறவர்கள் ஆடி வெள்ளிக்காகக் குடும்பத்தோடு படவேடு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள், கதவில் பூட்டு தொங்கியது. லேப்டாப் பாய் கடையிலேயேதான் கிடந்தது, நான் நேராக அங்கே போனேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்து அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தன் மேஜைக் கம்ப்யூட்டரையே தூக்கி வந்துவிடட்டுமா என்று கேட்டார். அதில் கேமரா இல்லை. பென் டிரைவிலேயே ஓ.எஸ். ஏற்றிப் போடுகிற ஒரு வழி இருக்கிறதாம், கேள்விப்பட்டிருக்கிறாராம், செய்து பார்த்ததில்லையாம். "செஞ்சிதான் பாத்துடலாம். ஜல்தியா முடிச்சிடறேன், ஒக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தேன். இதை எடுத்துக்கொண்டு போய்க் கேமராவைச் சரி பண்ணி அண்ணனைப் பிடிக்க வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை. ஓ.எஸ். சிடியில் இருந்ததை மேஜைக் கம்ப்யூட்டர் வழியாகப் பென் டிரைவுக்கு மாற்றினார் பாய். லேப்டாப்பில் செருகினார். அது பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை, பழைய கறுப்புத் திரையையே காட்டியது. மறுபடி அழித்து, மறுபடி ஏற்றி, உள்ளே போய் எதை முதலில் படிப்பது என்கிற வரிசையை மாற்றினார். இந்தத் தடவை திரை நீலமானது. என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

நீலத்திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறி முடிந்து, அதுவே ஒருமுறை அணைந்து எழுந்தது. இடப்பக்கத்தில் ஒரு வரி வந்தது: முடிய இன்னும் முப்பத்தொன்பது நிமிடம். நான் உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அதை அங்கே சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. மெஷினே சொல்லிவிட்டதால் கூட்டமும் அதுவரை காத்திருக்கச் சரி என்றது. சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரத்தை உட்காரச் சொன்னார்கள்.

அந்த முப்பத்தொன்பது நகரவே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பாதி வட்டம் போன பிறகுதான் முப்பத்தேழு ஆனது. பாய் பென் டிரைவைத் தொடவும் பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அது அப்படித்தாம்மா சொல்லும்" என்றார், ஏதோ தன் பிள்ளை தப்புச் செய்த மாதிரி. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரலாமா என்று நினைப்பேன். அப்போது பார்த்து அது இருபத்தைந்துக்குக் குதிக்கும். இதோ முடிந்துவிடும் என்று உட்காருவேன். மறுபடி நின்றுவிடும். அந்த எண் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. போய்விடவும் விடாமல், முடியவும் முடியாமல், என்னை அது அந்த ஸ்டூலில் கட்டிப்போட்டது.

அண்ணன் அங்கே அறையில் இன்னொருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நிமிடத்துக்கொரு தரம் என் போனுக்கு அடித்து, ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. வெளியே வெயில் போய்க் காற்றடித்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சாவு போனால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். பாயும் எழுந்துபோய் இறக்கினார். ஆடி வெள்ளியில் இன்னொரு வீட்டிலுமா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஷட்டருக்குக் கீழே கால்கள் போவது தெரிந்தது. ரோட்டில் சாமந்திப்பூ விழுந்தது. "மேல கரண்டு வயரு தட்டும், தாழ்த்திப் புடிங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அது சித்தப்பாவின் குரல்.

குனிந்து வெளியே ஓடினேன். பாடை கடையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் மாலைகளும் தூக்கியவர்களின் முதுகும்தான். அப்பாவின் முகம் தெரியவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "எவ்ளோ தடவ அடிச்சோம்மா, லைனே கெடைக்கல. மழை புடிச்சிக்கினா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எடுத்துட்டோம்" என்றார். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. நடுரோட்டில் பாடையை இறக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் என் தலையில் கையை வைத்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள ஓடினார். மழை பெய்யவேயில்லை.

கடைக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. திரையில் பச்சை மேடும் நீல வானமும் இருந்தன. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை மூடி, தானே தூக்கிக்கொண்டு எங்கள் தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தார்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. எல்லோரும் வாய்க்கரிசி போட்டபோது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கையில் ஒரு பிடி அரிசியை எனக்காக வைத்துக்கொண்டிருந்தாள் என்று பெரியம்மா சொன்னாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டேட்டா கார்டைச் செருகி, கேமராவுக்கும் வீடியோவுக்கும் வேண்டியதை ஏற்றினேன். அண்ணன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து வந்து சேர்ந்தது. ஷேவ் செய்யாத முகம். எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பி ஈரத் தரையையும் விளக்கையும் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். திருப்பி என் பக்கம் வைத்தபோது, "நீயாச்சும் கிட்ட இருந்தியா?" என்று கேட்டான்.

"இருந்தேண்ணா."

"வாய்க்கரிசி போட்டியா?"

"போட்டேன். உன் பங்கும் சேத்துப் போட்டேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் அம்மா பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். என் தோளில் கையை ஊன்றிக் குனிந்து, கேமரா எது என்று தெரியாமல் திரையின் ஓரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஆமாண்டா, போட்டா. நான்தான் அவ கையப் புடிச்சிகினு இருந்தேன்."