தண்ணீர் இன்னும் ஆகவில்லை

எங்கள் வீட்டு அடுக்களையில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. என் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது. அதன் கழுத்தைச் சுற்றி ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பார்கள். கடல் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்தால் அதற்கும் துருப் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. போடியில் கடல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான்தான் கொண்டுவந்தேன்.

அவள் எங்கள் சொந்தத்துப் பெண்தான். அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலைக்கு அமர்ந்து தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டவர். கல்யாணம் முடிந்து வந்த புதிதில் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "எந்தப் பக்கம் பாத்தாலும் மலை முட்டுதுங்க" என்றாள். முதல் தடவை பிறந்த வீட்டுக்குப் போனவள் சொன்ன நாளில் திரும்பவில்லை. நான் போய்த்தான் அழைத்துவந்தேன். பஸ்சில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் போடி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பயணத்தில்தான் எனக்குள் பயம் விழுந்தது. அடுத்த முறை போனால் இவள் வரமாட்டாள் என்ற பயம்.

அடுத்து அவள் கேட்டபோது காரணம் இருந்தது. அவள் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கண்ணிலும் நரம்பு பட்டுப்போகிறது, வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "முழுசா மங்குறதுக்குள்ள அம்மா என் மூஞ்சிய ஒருக்கா பாத்துக்கிறட்டுங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அப்போது ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து ஜீப்பில் வரும் மூட்டைகளை வீட்டின் பின்னறையில் கொட்டிப் பெண்கள்தான் தரம் பிரிப்பார்கள். எடுப்புக் காலத்தில் மருமகளை வெளியூர் அனுப்புகிற வழக்கம் இல்லை. சீசன் முடியட்டும் என்றேன். அவள் முகம் வாடாமல் இருக்க, கடலையே உனக்குக் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். கடல்மீன் தொட்டி வைக்கும் முறை எனக்குத் தெரியும். உப்பு லோடு ஏற்றி வந்த லாரியில் அவள் தம்பி கடல் தண்ணீரைப் பிளாஸ்டிக் கேன்களில் கொண்டுவந்தான். கூடவே கடல் மணலும், பாசி பிடித்த கற்களும். கேன்களை இறக்கி வைத்துவிட்டு, "கடலக் கொண்டாந்துட்டேன் மச்சான், அக்காவ ஒரு வாரம் அனுப்புங்க" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால் செத்துப்போகும். மீனின் கழிவே தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் மணலிலும் கல்லிலும் பெருக வேண்டும். அவற்றுக்குத் தீனியாக ஓர் இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும். நஞ்சு ஏறும், அது இன்னொரு நஞ்சாக மாறும், பிறகு அதுவும் அடங்கும். பாலுக்கு உறை ஊற்றி வைப்பதுபோல என்று விளக்கினேன். "தயிரு ஒரு ராத்திரியில ஒறைஞ்சிருதே. இது என்ன இம்புட்டு நாளு?" என்றாள்.

ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். படித்த எனக்குத் தோன்றவில்லை. பின்னறைக்கு அடுத்த அறையில் இறாலை அழுகவிட்டேன். ஏலத்துக்குக் கொண்டுபோன சாம்பிளை மோந்து பார்த்த வியாபாரி, "என்ன மாப்ளே, கருவாட்டோட சேத்துக் காயவச்சியா?" என்று கேட்க, கூடமே சிரித்தது. வீட்டில் என் அம்மா அவளைத்தான் பிடித்துக்கொண்டாள். கடக்கரைக்காரி வந்தாள், கல்லாவில் மீன் நாறுது என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். இறாலைப் போட்டவன் நான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை.

தொட்டியை விட்டு அவளால் நகர முடியாமல் போனது. சுண்டிய தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்டு போனால் காற்றுப் பம்பு நின்றுவிடும். காற்று இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பகலெல்லாம் கரண்டு போகிற காலம் அது. நான் கல்லூரியில் இருப்பேன். அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து, சொம்பில் தண்ணீரை மொண்டு, மேலே தூக்கி ஊற்றுவாள். கரண்டு வரும்வரை மொண்டு ஊற்றுவாள். "கடலுக்குத் தாலாட்டா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே போவாள்.

தொட்டித் தண்ணீரைச் சின்னப் புட்டியில் எடுத்துப்போய்க் கல்லூரி ஆய்வகத்தில் சோதிப்பேன். மருந்துத் துளி பட்டதும் மஞ்சளாக மாறினால் நஞ்சு இருக்கிறது. மாலையில் அவள் வாசலிலேயே நின்று, "ஆயிருச்சா?" என்பாள். மஞ்சள் என்பேன். உள்ளே போய்விடுவாள். சீசன் முடிந்துவிட்டது. தொட்டி ஆனதும் போகலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் சோதனைக் குழாயில் நிறம் மாறவில்லை. அடுத்த நஞ்சுக்கான மருந்தையும் விட்டுப் பார்த்தேன், அதிலும் நிறமில்லை. தண்ணீர் ஆகிவிட்டது, இனி மீன் விடலாம். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, "இன்னும் மஞ்சள்தான்" என்றேன். மறுவாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்தும் சொன்னேன். பொய் முதல் தடவைதான் கூசியது; பிறகு சரளமாக வந்தது.

அவள் தம்பி மறுபடி உப்பு லாரியில் வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு இப்ப நெழலாத்தான் தெரியுது. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன் மச்சான்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். தம்பிக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்காத குரலில், "தண்ணி ஆயிருச்சாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாளாகட்டும்" என்றேன்.

லாரி காலியாகத் திரும்பிப் போனது. அவள் அடுக்களைக்குள் போய் உலை வைத்தாள்.

பிறகு ஒருநாள் நானே மீன்களை வாங்கித் தொட்டியில் விட்டு, அவளை அனுப்பிவைத்தேன். அவள் அம்மா விரல்களால் அவள் நெற்றியை, மூக்கை, தாடையைத் தடவிப் பார்த்தார்களாம். இளைத்துவிட்டாய் என்றார்களாம். அவள் சொன்ன நாளில் திரும்பி வந்தாள். நான் பயந்தது நடக்கவேயில்லை.

வந்த அன்று தொட்டி முன்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "கல்லுக்குள்ள குட்டி நண்டு ஒண்ணு இருக்குங்க. கடைசியில நீங்க மஞ்சள் மஞ்சள்னு சொன்னப்பல்லாம் அது வெளிய வந்து மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. நஞ்சுல நண்டு மேயுமா?"

தெரிந்தே ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன்.

"கேட்டிருந்தா நீங்க வேறொண்ணு சொல்லிருப்பீங்க."

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. தொட்டியைக் காலி செய்து பரணில் ஏற்றினோம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகள் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டாள். என் அம்மா காலமாகி, காரியமெல்லாம் முடிந்த பின், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். ஒரு பையோடுதான் போனாள். இந்தச் சொம்பை எடுத்துக்கொள்ளவில்லை. போய் வருடங்கள் ஆகின்றன. சண்டை ஒன்றும் இல்லை. போனில் நன்றாகப் பேசுகிறாள். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். பேச்சுக்குப் பின்னால் காற்று இரைகிறது. எப்போது வருகிறாய் என்று நேற்றும் கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நாளாகட்டுங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அந்தச் சொம்பில் தண்ணீர் மொண்டேன். புள்ளிகள் விரலில் நெருடின. வெளியே எல்லாப் பக்கமும் மலை.