அம்மாவின் கழுத்தில் ஒரு கோடு

என் மேசை இழுப்பறையில், பழைய காலண்டர் அட்டைகள் இரண்டுக்கு நடுவே, ஒரு செல்லுலாய்ட் தாள் இருக்கிறது. ஒரு காலத்தில் கண்ணாடிபோல இருந்தது. இப்போது பழுப்பேறி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அதில் ஒரு பெண் இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் மரமில்லை, வானமில்லை, காலுக்கடியில் மண்கூட இல்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எங்கள் தெருவே அவளுக்குத் தோட்டமாகிவிடும். கழுத்தில் மட்டும், மற்றக் கோடுகளோடு ஒட்டாமல், கொஞ்சம் தடித்த ஒரு கோடு. அந்தக் கோட்டை எந்தத் தியேட்டரிலும் யாரும் பார்த்ததில்லை.

போன மாதம் என் பேத்தி என்னை இழுத்து உட்காரவைத்து, ஜப்பான்காரர்கள் வரைந்த ஒரு அனிமே தொடரைக் காட்டினாள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது, மூக்கைத் தேட வேண்டியிருந்தது. யார் அம்மா, யார் மகள் என்றே தெரியவில்லை, எல்லாருக்கும் பதினாறு வயது. வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே போனபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பேசும்போது வாய் மட்டும் அசைகிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. அட கள்ளா, இது எங்கள் அண்ணி செய்த வேலையாயிற்றே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பேத்தி நம்பவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் போத்தனூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி சினிமாவுக்குப் பொம்மை வரைந்தாள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அண்ணன் அப்போது கோயமுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் காமிரா உதவியாளர். நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. அண்ணன் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அண்ணி டிராயிங் பரீட்சை பாஸ் செய்தவர். பம்புசெட் கம்பெனி ஒன்று, இடைவேளையில் காட்ட ஒரு நிமிட விளம்பரம் வேண்டும், மனிதர்கள் நடித்தல்ல, வரைந்து வேண்டும் என்று ஸ்டூடியோவில் கேட்டது. அந்த வேலை அண்ணன் மூலமாக அண்ணியிடம் வந்தது. சனங்களுக்குப் பிடித்துவிட்டால் அதே உருவத்தை வைத்து வரிசையாக இன்னும் படங்கள் எடுப்பதாகவும் பேச்சு. ஆனால் ஆனைமலைப் பக்கம் தோட்டத்தில் இருந்த எங்கள் அம்மாவுக்கு ஸ்டூடியோ என்ற சொல்லே ஆகாது. தை பிறந்ததும் இந்தப் பொம்மை வேலையை விட்டுவிட்டு மருமகள் ஊருக்கு வந்து பண்ணையம் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அம்மா சொன்னதை மாற்றிச் சொல்ல அப்பாவுக்கே வாய் வந்ததில்லை.

கம்பெனிக்காரர்கள் சினிமாக்காரியைப் போல ஒரு பெண்ணைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். அண்ணி அதைத்தான் முதலில் வரைந்தார். அழகாகத்தான் இருந்தாள், ஆனால் கிணற்றடியில் நிறுத்தினால் வழி தெரியாமல் வந்தவள் போல இருந்தாள். அண்ணிக்கு ஒரு பரீட்சை உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பிவிடுவார். கண், மூக்கு எதுவும் தெரியாத அந்த நிழலைப் பார்த்து இன்னார் என்று சொல்ல முடிந்தால்தான் அது தேறும். ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் கை, நிமிர்ந்த கழுத்து, பின்னால் விசிறி மாதிரி விரிந்த கொசுவம். இது யாருங்க தம்பி என்று கேட்டார். அம்மாங்க அண்ணி என்றேன். சொன்ன மறுகணமே அண்ணி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அத்தையாட்டம் நிக்கறவிய வேற ஆரும் எனக்குக் கெடைக்கலீங்க தம்பி" என்றார் அண்ணி, மெதுவாக.

பிறகு மாதக்கணக்கில் அதே வேலை. படத்துப் பெண் பேசும் இடங்களில் உடம்பு ஒரே தாளில் நிற்கும், வாயை மட்டும் வேறு தாள்களில் வரைந்து மாற்றி மாற்றி மேலே வைப்பார். அம்மா நடக்கும்போது அந்தப் பின்கொசுவம் முதலில் இடப்புறம் போய், ஒரு நொடி தயங்கி, வலப்புறம் திரும்பும். அந்தத் தயக்கத்தைப் பிடிக்க அண்ணி தானே பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தார். நூற்றுக்கணக்கான தாள்களில் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும் என்பதால், ஒரு கோட்டைக் குறைத்தாலும் அத்தனை தாளிலும் வேலை மிச்சம். சேலைக் கரை போயிற்று, வளையல் போயிற்று, தோடு போயிற்று. ஆள் மட்டும் நின்றாள். பார்க்கப் பார்க்க எனக்கு அடங்காத பெருமை. ஆபீசில் பார்சல் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன்.

படம் கோயமுத்தூரில் ஓடியது, பொள்ளாச்சியில் ஓடியது, கடைசியில் ஆனைமலை டூரிங் டாக்கீஸுக்கும் போய்விட்டது. ஒரு காலை, பொள்ளாச்சி ரயிலிலிருந்து அம்மா இறங்கினாள். கையில் எப்போதும் கொண்டுவரும் தேங்காய் மூட்டை இல்லை. என்னைச் சினிமாவில் காட்டுகிறார்களாமே, ஊரே பேசுகிறது, எங்கே அதைக் காட்டு என்றாள். எல்லாரும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். இடைவேளையில் திரை வெளுத்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கக் கவலை இழுத்துக் களைத்த எருதுகள், வெயிலை மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும் அந்தப் பெண், பிறகு பம்புசெட், வாய்க்காலில் தண்ணீர். அவள் காலை நனைத்துவிட்டுக் கொசுவம் ஆட வரப்பில் நடந்து போனாள். தியேட்டர் முழுக்கச் சிரித்தது, சொந்தக்காரியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவர், அப்படியே எங்க அக்கா நடையேதானப்பா என்றார். அம்மா இமைக்காமல் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னைய வரைஞ்சது தப்பில்ல அம்மணி. உங்க மாமா அங்க குத்துக்கல்லாட்டம் உக்கோந்திருக்கறாரு. எங்கழுத்த வெறுங்கழுத்தா உட்டுப்போட்டயே, அது ஏன்?"

அண்ணியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கோடு மிச்சம் பிடித்த அவசரத்தில் தாலிக் கோடும் போயிருந்தது. அத்தனை நாள் பார்த்தும் எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது படவில்லை. அண்ணி உள்ளே போய் இரண்டு கையிலும் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஒரு அடி எடுத்துவைக்க இத்தனை தாள், திரும்ப இத்தனை தாள், கொசுவம் ஆட இத்தனை தாள் என்று சொன்னார். தன் கண்ணுக்குக் கோடுதான் தெரிந்தது, அத்தையின் கழுத்து தெரியாமல் போய்விட்டது, அது தன் தப்புதான் என்றார்.

அம்மா தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். தன் கால் தூக்குவதையும், ஊன்றுவதையும், கொசுவம் தயங்குவதையும் பார்த்தாள். எந்தக் கண்ணாடியிலும் தன் பின்புறத்தைப் பார்த்திருக்க மாட்டாள். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இத்தன பேரா நானு?" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

பிறகு தான் இடுப்பில் கை வைத்து நிற்கும் தாளை எடுத்து அண்ணியின் மடியில் போட்டாள். அந்தக் கோட்டை இப்போதே போடு, நான் பார்க்க வேண்டும் என்றாள். படம் எடுத்து முடித்த தாள், அதில் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் முனகினார். அவரை யார் கேட்டார்கள்? அண்ணி தூரிகையை மையில் தோய்த்தார். தூரிகையில் மை மிஞ்சிக் கோடு தடித்துவிட்டது. அம்மா அதை வாங்கி, கையை நீட்டிப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

"அடுத்ததுல மறக்காத போட்டுப்போடு கண்ணு."

அடுத்ததுல. அந்த ஒரு சொல்லில் தை மாதக் கெடு போயே போய்விட்டது. அண்ணி அடுப்படிக்குப் போய் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பண்ணையம் என்ன ஆவது என்று அண்ணன் கேட்டதற்கு, உங்கப்பன் எழுந்து பார்க்கட்டும் என்றாள் அம்மா.

அதன்பிறகு அந்தப் பெண் விதை விற்றாள், உரம் விற்றாள், மஞ்சள் மூட்டை ஏற்றி வண்டி ஓட்டினாள். ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு தாளிலும் கழுத்தில் கோடு இருந்தது. இவ்வளவு சின்னக் கோடு திரையில் தெரியாது, விட்டுவிடலாமே என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோதும் அண்ணி விடவில்லை. டூரிங் டாக்கீஸில் படம் மாறும்போதெல்லாம் அம்மா பெண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்து, என் மருமகள் என்னை நடக்கவைத்திருக்கிறாள் பார் என்று பக்கத்தில் இருப்பவர்களைத் தட்டித் தட்டிக் காட்டுவாளாம். இரண்டு பேரும் இப்போது இல்லை. தாள்களையெல்லாம் அப்போதே கழுவி மறுபடி வரைந்துவிட்டார்கள். அம்மா கையோடு ஊருக்கு எடுத்துப்போய் அரிசிப் பெட்டியில் வைத்திருந்ததால் இது ஒன்று மட்டும் தப்பியது.

பேத்தி தாளை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, நிழலாக்கினாலும் ஆள் தெரியும் தாத்தா என்று அவளாகவே சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து தரட்டுமா, கழுத்திலே மை ஏதோ கொட்டியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் உருவம் இன்னும் நன்றாக இருக்கும் என்றாள்.

மற்றதையெல்லாம் துடைத்துக்கொள் கண்ணு, அதை மட்டும் தொடாதே, இந்தத் தாளில் உன் கொள்ளுத்தாத்தா இன்னும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்றேன்.