துண்டிப்பதற்காக ஓர் இணைப்பு

எனக்கு வேலை கொடுத்தது என்னைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து. ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்கு 1999-இல் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இறக்கி வைத்த பிறகுதான் அதை இயக்க ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. உத்தமபாளையத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்த என்னைக் கூப்பிட்டு, கையில் ஓர் உத்தரவைக் கொடுத்தார்கள். ‘இக்கணினி சங்கத்தில் இயங்கும் காலம் வரை, தற்காலிகமாக’ என்று அதில் இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். பெட்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது?

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துத் திராட்சைக்கு, கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டிய தேதிதான் பிறந்த தேதி. அன்றிலிருந்து எண்ணித்தான் எத்தனையாவது நாள் மருந்து, எத்தனையாவது நாள் அறுப்பு என்று சொல்வார்கள். தோட்டக்காரர்கள் வந்து தேதியைச் சொல்வார்கள், நான் ஏற்றுவேன், பெட்டி ஒரு சீட்டு அடிக்கும். அந்தச் சீட்டைக் காட்டினால் பின்னால் இருக்கிற கிட்டங்கியில் மருந்துக்கான மயில்துத்தமும் கந்தகமும் கொடுப்பார்கள். பெட்டிக்கென்று கண்ணாடி அடைத்த அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கரண்டு போர்டையும் பிரிண்டரையும் தவிர அந்தப் பெட்டிக்கு இந்த உலகத்தில் வேறு எதனோடும் தொடர்பு கிடையாது. சங்கத்தில் இருந்த ஒரே டெலிபோனும் செயலாளர் மேசை மேல் மரப்பெட்டிக்குள் பூட்டுப் போட்டுக் கிடந்தது.

இந்த வேலையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் கேரளா மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். கோழி கூவும் முன்னே ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் ஏறுகிற ஜீப்பில் இருபது பேர் ஏறுவார்கள். என் அம்மா அதில் பதினெட்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தவள். வளைவில் ஜீப் சாய்கிறபோதெல்லாம் என்னை நினைத்துக்கொள்வாளாம். “நீ மட்டும் இதுல ஏறிராதடி, ஆத்தா” என்பாள். எனக்கும் அது ஒன்றுதான் வைராக்கியம். கம்ப்யூட்டர் ஞானம் எல்லாம் அதற்குப் பிறகு.

2006 ஆடி மாதம் தேனித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் பெட்டிக்குள் ஓடியது விண்டோஸ் 98. நாங்கள் தொண்ணூத்தெட்டு என்றுதான் சொல்வோம். அதைச் செய்த கம்பெனி அதற்கான பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டதாம். இதுவரைக்கும் அதில் கண்ட ஓட்டைகளை அவ்வப்போது அடைத்துக் கொடுத்தார்களாம், இனிமேல் அடைக்க மாட்டார்களாம். ஆகவே மேற்படி கணினிகளை வெளி இணைப்பிலிருந்து உடனே துண்டித்து, ஆகஸ்ட் கடைசிக்குள் துண்டிப்புச் சான்று அனுப்ப வேண்டும், தவறினால் கணினி திரும்பப் பெறப்படும் என்று முடிந்திருந்தது. கணினி திரும்பப் பெறப்பட்டால் நானும் திரும்ப வேண்டியதுதான், ஜீப்பைப் பார்த்து.

ஏழு வருடத்தில் எங்கள் பெட்டியில் ஓர் ஓட்டையையும் யாரும் வந்து அடைத்ததில்லை. வாசலே இல்லாத வீட்டுக்குப் பூட்டுக் கொடுப்பதை நிறுத்தினால் என்ன, கொடுத்தால் என்ன? அப்படித்தான் நினைத்தேன். கூடவே அனுப்பியிருந்த படிவத்தைப் பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இணைப்பு எண், இணைத்த தேதி, துண்டித்த தேதி, துண்டித்தவர் கையொப்பம் என்று நான்கு கட்டம். நான்கிலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினோம். ‘கட்டங்கள் நிரப்பப்படவில்லை’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. ‘பொருந்தாது’ என்று எழுதினோம். அதே சிவப்பு மை, அதே கை, இந்த முறை அடிக்கோடும் போட்டிருந்தது.

பக்கத்து ஊர்ச் சங்கத்தில் ஏதோ ஒரு பழைய தேதியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள், வேலை முடிந்தது. எங்கள் செயலாளரிடம் அது நடக்காது. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தால் வருகைப் பதிவேட்டில் பத்து ஐந்து என்றே எழுதுகிற மனிதர் அவர். அவருடைய ஆயுளில் பொய்யான ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை என்பதை நாளுக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதருக்குக் கீழே வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நானே தேனிக்குப் பஸ் ஏறினேன். சிவப்பு மைக்குச் சொந்தக்காரர் ஒரு அம்மா. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“மேடம், எங்க மிஷினுக்கு இணைப்பே கிடையாது. அதான் ‘இல்லை’ன்னு எழுதியிருக்கோம்.”

“புரியுதும்மா. ஆனா இது துண்டிப்புச் சான்று. துண்டிச்ச தேதி இல்லாம எப்படி ஃபைல்ல வைக்கிறது?”

“இணைச்சாத்தான மேடம் துண்டிக்க முடியும்?”

“அப்ப இணைச்சுட்டுத் துண்டிங்க” என்றார்.

அவர் எரிச்சலில் சொன்னது. எலுமிச்சைச் சோறு காத்திருக்கிறதே என்ற எரிச்சல். நான் அதை வழி என்று எடுத்துக்கொண்டு வந்தேன். இதில் யாரைத் திட்டினாலும் முதலில் என்னைத் திட்டிக்கொண்டுதான் அடுத்தவரிடம் போக வேண்டும்.

“தேனியில என்னத்தா சொன்னாக?” என்று செயலாளர் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இது நல்ல ஓசனை. நெசமாவே இணைச்சு, நெசமாவே துண்டிச்சா, எழுதுறது நெசம்தான? காலைல இணைப்போம், சாயங்காலம் துண்டிச்சிருவோம்.”

சங்கத் தலைவர் ஒரு இடைஞ்சலைச் சொன்னார். அவர் பெரிய திராட்சைப் பந்தல்காரர், எதற்கும் நாள் பார்க்கிறவர். “ஆடியில புதுசா ஒண்ணத் தொடங்குறதா? ஆவணி பெறக்கட்டும்யா.”

ஆவணி பிறந்தது வியாழக்கிழமை. டெலிபோன் வயர் வழியாக நெட்டைக் கொண்டுவரும் மோடத்தை மாட்டுகிறவர் ஒருவர் தேனியிலிருந்து வந்தார். டெலிபோனின் மரப்பெட்டியைத் திறந்து, வயரை ஜன்னல் வழியாக இழுத்து, கந்தக மூட்டைகளின் மேலாகக் கொண்டுவந்து பெட்டியில் சொருகினார். கந்தகம் இருப்பதால் உள்ளே சூடம் கொளுத்த முடியாது. தெருவில் நின்று கட்டடத்துக்கே சூடம் காட்டி, தேங்காய் உடைத்தோம். மோடம் போட்ட சத்தத்தில் சங்க இயக்குநர்கள் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

“ஏலே, கெடா கத்துற மாதிரில்ல இருக்கு!” என்றார் ஒருவர்.

மோடம்காரர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, இந்தத் தொண்ணூத்தெட்டுக்கு இனிமே பாதுகாப்பு கெடையாது. இத நெட்டுல போடாதீக.”

“துண்டிக்கிறதுக்காகத்தான் போடுறோம்” என்றேன். அவர் என்னையும் வாசலில் கிடந்த தேங்காய்ச் சிதறலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் நான் வயரைப் பிடுங்கப் போனேன். தலைவர் தடுத்தார். “காலைல தேங்கா ஒடச்சிட்டுப் பொழுது சாயமுன்ன வெட்டுனா வெளங்குமா? நாளைக்குப் பாத்துக்கிருவோம்.” நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை யாராவது எதையாவது வெட்டிவிடுவார்களா? சனிக்கிழமை ஆகவே ஆகாது என்று மூன்று இயக்குநர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் அதுவரை வேறு எதற்கும் மூன்று பேர் ஒரே குரலில் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றாலும் சங்கத்தைத் திறந்தார்கள், துண்டிக்க அல்ல, பார்க்க. திங்கட்கிழமை செயலாளர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சின்னமனூர் போய்விட்டார். அவர் இல்லாமல் துண்டித்தால் படிவத்தை யார் நிரப்புவது?

இந்த ஐந்து நாளும் கண்ணாடி அறைக்கு வெளியே செருப்புக் குவியல்தான். திராட்சைக் கொடி வேறு எந்த நாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு நம்ம பந்தல் மாதிரி வராது என்று சொன்னார்கள். தலைவருக்குத் திரையில் வேல் ஒன்று சுழல வேண்டும் என்று ஆசை. இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒருவர் எங்கேயோ அமுக்கினார். வேலும் வந்தது, மயிலும் வந்தது. மயில் தோகை விரிக்க விரிக்கப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்கள் திறந்தன. வெளிநாட்டுச் சீட்டாட்டக் கிளப்பு, இளைப்பதற்கு மாத்திரை, ‘வாழ்த்துகள், நீங்கள்தான் வெற்றியாளர்’ என்று மின்னுகிற ஒரு பெட்டி. “நம்மளைத்தான் சொல்றாகளா?” என்று தலைவர் கேட்டார். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. ஏழு வருடத்தில் ஒரு தும்மல் போடாத பெட்டி, திங்கட்கிழமை மதியத்துக்குள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மயங்கி விழ ஆரம்பித்தது.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு. கூட்டத்தைப் பார்த்து, “வெளிய போங்க எல்லாரும்!” என்று கத்தினேன். தோட்டக்காரர்களைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர்கள் கூடி, செவ்வாயில் துண்டிக்கலாமா என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். துண்டிப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நல்லது என்றால் செவ்வாய் ஆகாது. கெட்டது என்றால் தாராளமாகச் செய்யலாம். “வம்புலருந்து தப்பிக்கச் செய்றோம், அப்ப நல்லதுதான?” என்றார் தலைவர். “ஒரு தொடர்ப அத்துவிடுறது எப்புடிய்யா நல்லதாகும்?” என்றார் செயலாளர். கடைசியில் கெட்டது என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பிறகும் ராகுகாலம் முடியும் வரை காத்திருந்து, நாலரைக்கு மேல் தலைவர் வயரைப் பிடுங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

படிவத்தைச் செயலாளரே மணி மணியாக நிரப்பினார். இணைப்பு எண், இணைத்த தேதி, ஐந்து நாள் கழித்துத் துண்டித்த தேதி, துண்டித்தவர் என்று தலைவரின் கையொப்பம். ஒரு கட்டமும் காலி இல்லை, ஒரு எழுத்தும் பொய் இல்லை. அன்று ராத்திரி அம்மாவிடம், “தப்பிச்சோம்மா” என்று சொன்னேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மேற்படி கணினியை வெளி இணைப்பில் வைக்கக் கூடாது என்று ஆடி மாதமே சுற்றறிக்கை அனுப்பியிருக்க, அதற்குப் பிறகு அதை இணைத்ததாகத் தாங்களே சான்று அளித்திருப்பதால், காரணம் கூறவும். ‘துண்டிக்கும் பொருட்டு இணைத்தோம்’ என்று செயலாளர் எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். அடித்து முடிப்பதற்குள் பெட்டி நான்கு முறை மயங்கியது. அந்த விளக்கம் ஏற்புடையதாக இல்லை என்று அடுத்த கடிதம் வந்தது. கணினியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். புதிய கணினி பின்னர் வரும். அதற்கான பணியிடம் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் நிரப்பப்படும்.

பக்கத்து ஊர்ச் சங்கத்தில் அதே தொண்ணூத்தெட்டு அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. இந்தச் செய்தியை எனக்குச் சொல்லாத ஆள் எங்கள் பக்கத்தில் பாக்கி இல்லை. ஜீப்பில் வைத்தே ஏழெட்டுப் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், ஏறினேன். முதல் நாள் அம்மா எனக்காகப் பின் சீட்டில் கம்பி ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தாள்.

ஆனால் நான் மறக்காதது ஜீப்பை அல்ல, சங்கத்தில் கடைசி வியாழக்கிழமையை. பெட்டியைக் கட்டுவதற்கு அட்டையும் சணலும் வந்துவிட்டன. செயலாளர் கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார்.

“கட்டுறதுக்கு முன்னாடி இத மட்டும் அடிச்சுக் குடுத்துருத்தா.”

என்னை வேலையிலிருந்து விடுவிக்கிற உத்தரவு அது. என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். அடிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் மயில் வந்தது. பெட்டி நின்றது. மறுபடி எழுப்பினேன். சீட்டாட்டக் கிளப்பு திறந்தது, மூடினேன். மாத்திரைக்காரன் வந்தான், மூடினேன். மூன்றாம் முறை விழுந்தபோது என்னவோ ஒரு வீம்பு வந்துவிட்டது. இத்தனை நாளாகச் செய்யத் தோன்றாததை எல்லாம் அப்போது செய்தேன். அந்த வேலும் மயிலும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடித் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக அழித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு பெட்டி 1999-இல் வந்து இறங்கிய அன்று ஓடிய மாதிரி ஓடியது. பிரிண்டர் ஒரு தடவைகூடத் திக்காமல் தாளைத் தள்ளியது.

இவ்வளவு பாடுபட்டு எதைச் சரிசெய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. செயலாளர் தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். எல்லாம் நிஜம்தான், ஒரு எழுத்தும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

“இன்னொரு காப்பி எடு, ஆத்தா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “ஆபீஸ் காப்பி வேணும்ல.”

எடுத்துக் கொடுத்தேன்.