மதாம் சொன்ன முடிவு

எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். மளிகைச் சாமான் குறிப்பதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. கதை படித்த மூன்று பெண்களைப் பற்றி நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர்களில் ஒருவராவது இன்று இருந்தால் அவரிடமே விட்டிருப்பேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம் அது. அம்மா இறந்தபின் அப்பா என்னைப் புதுச்சேரியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார். மாமா சைகோனில் ஒரு கம்பெனியில் கணக்கப்பிள்ளை. அவரிடமிருந்து கடிதம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அத்தை அதிகம் பேசமாட்டாள். நானும் பேசத் தெரியாதவள். வாரம் முழுக்க அந்த வீட்டில் அரிசி களைகிற சத்தம்தான் பெரிய சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மாதிரி. மாதா கோயில் தெருவில் இருந்த கிறிஸ்தவ அம்மாளை எல்லோரும் மதாம் என்போம். பூசை முடிந்ததும் அவர் மீன் குழம்புச் சட்டியோடு வருவார். பக்கத்து வீட்டு வாத்தியார் சம்சாரம் பொரியல் கொண்டுவருவார். சோறு அத்தையுடையது. மூவரும் ஒரே தொடர்கதையைப் படித்தார்கள். வாரப் பத்திரிகையில் வந்த பக்கங்களை மதாம் கிழித்துச் சேர்த்து மூன்று பாகமாகத் தைத்து வைத்திருந்தார். முதலில் அவர் படிப்பார், பிறகு வாத்தியார் சம்சாரம், கடைசியில் அத்தை. முன்னால் படித்தவர் மேற்கொண்டு நடப்பதைச் சொல்லக்கூடாது. மற்றபடி சோறு ஆறும்வரை சண்டை போடலாம்.

அந்தக் கதையில் ஒருத்தியின் புருஷன் ரங்கூனுக்குப் போய்த் திரும்பாமலே இருந்தான்.

"இந்த ஆளுக்காகத் தெனம் வாசல்ல வெளக்கு வெக்கிறாளே, எண்ணெ என்னா வெல விக்குது" என்பார் வாத்தியார் சம்சாரம்.

"வருவான், நீங்க வேணா பாருங்க" என்று அத்தை வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே நான் சோற்றை அளைந்துகொண்டு எழுந்திருக்காமல் இருப்பேன்.

ஒரு வாரம் மதாமின் தம்பி சைகோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை, "தம்பி சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டாள். மதாம் தலையாட்டினார். பாதிச் சாப்பாட்டில், யாரும் கேட்காமலே சொன்னார்:

"அவன் வரமாட்டாம்மா. அங்கியே ஒருத்தியக் கட்டிக்கிட்டான்."

"என்னா மதாம், சட்டம் போட்டவங்களே மீறுனா எப்பிடி? நான் இன்னும் கடைசிப் பாகத்த..." என்று ஆரம்பித்த வாத்தியார் சம்சாரம், மதாமின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தை கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தாள்.

"புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"அப்பா சாடையா?"

"பெரியவ."

அத்தை குழம்புச் சட்டியை நடுவில் நகர்த்தி வைத்தாள். பிறகு, "கொழம்பு ஊத்திக்குங்க, ஆறிடப் போவுது" என்றாள். அன்று யாரும் சண்டை போடவில்லை. மதாம் போகும்போது கடைசிப் பாகத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். முடிவில் அந்தப் புருஷன் பெட்டியோடு துறைமுகத்தில் இறங்குகிறான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, மதாம் பொய் சொல்லிட்டாங்க. அவரு வந்துர்றாரு."

"அது கதை, கண்ணு" என்றாள்.

அவள் நம்பவில்லை என்று நினைத்து, கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இல்லாத பிள்ளைகளை மதாம் எங்கிருந்து கொண்டுவந்தார் என்றும், அத்தை அவர்கள் சாடையைப் பற்றி ஏன் கேட்டாள் என்றும் எனக்கு அன்று விளங்கவில்லை. நல்ல கதையை மதாம் கெடுத்துவிட்டார் என்று அவர்மேல் கோபமாகத் தூங்கிப்போனேன்.

மறுநாள் அத்தை விடியற்காலையில் கிணற்றடியில், சாவுச் செய்தி கேட்டவள்போலத் தலைமுழுகினாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.