பெயர் சொல்லாத தலைவர்

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று சங்கராபுரத்தில் ஒரு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதே மேடையில் முன்னாள் ஊராட்சித் தலைவர் ஆதிமூலத்துக்கும் ஒன்று. அவர் அதை மடித்து விழாக்காரரிடமே நீட்டினார்.

"கடைக்காரரு திரும்ப எடுத்துப்பாரான்னு கேளுங்க. எனக்குக் குளுரல."

கூட்டம் சிரித்தது. அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். என் பக்கத்தில் இருந்த மின்வாரிய அதிகாரி தங்கதுரை மட்டும் சிரிக்கவில்லை. "இவரு இல்லன்னா எனக்கு இந்த உத்தியோகம் இல்ல தம்பி" என்றார். பிறகு இருவரிடமும் கேட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

இருவருக்கும் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரே ஊர். ஆதிமூலம் சன்மார்க்கத்தார். வெள்ளை வேட்டி, புலால் கிடையாது, பொய்யும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஊராட்சித் தலைவரான பிறகும் கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில்தான் போவார். விடிந்ததும் தெருவிளக்குகளைத் தானே அணைத்துக்கொண்டு வருவார்.

"நீ தலைவரா, லைட்டு நிறுத்தற ஆளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"ரெண்டும்தான். ஊருக்கு ஒரு சம்பளம் மிச்சம்."

அடுத்த ஆண்டு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. கோரிக்கை நியாயம் என்ற ஆதிமூலம், வழியை மறிக்க மரத்தில் கை வைக்காதீர்கள் என்று குறுக்கே நின்றார். இளைஞர்கள் கேட்கவில்லை. சங்கராபுரம் சாலையில் புளியமரங்கள் சாய்ந்தன. கோடரி பிடித்தவர்களில் தங்கதுரையும் ஒருவர். வழக்கில் பெயர் ஏறினால், எந்த அரசு வேலைக்காக மறியல் செய்தாரோ அந்த வேலையே போலீஸ் விசாரணையில் தட்டிப்போகும்.

இன்ஸ்பெக்டர் ஆதிமூலத்தின் வீட்டு வாசலுக்கு வந்தார். தலைவர் தெரியாது என்று சொல்லிவிடுவார் என ஊரே நம்பி நின்றது.

"வெட்டினது யாருன்னு தெரியுமா தலைவரே?"

"தெரியும்."

கூட்டத்தில் நின்ற தங்கதுரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"பேரச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்கதான் உள்ள போவணும். பதவியும் போயிடும்."

"போவட்டும். மாத்து வேட்டி எடுத்துக்கினு வந்துடறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ராஜாம்பாள் கேட்டார்: "எது, கொடியில ஈரமாத் தொங்குதே, அதுவா?"

அந்த ஈர வேட்டியோடுதான் கடலூர் சிறைக்குப் போனார். அங்கும் வாய் திறக்கவில்லை. சாட்சியில்லாத வழக்கு நிற்கவில்லை. பதவியும் தப்பியது.

விடுதலையாகிப் பஸ்ஸிலிருந்து இறங்கியவரை ஊரே மேளத்தோடு எதிர்கொண்டது. வீண்செலவு என்று திட்டுவாரோ என மேளக்காரர்கள் தயங்கினார்கள். "அடிங்கப்பா, இன்னா பாக்கறீங்க?" என்று முன்னால் நடந்தார். அந்த வாரமே மரம் வெட்டிய இடங்களில் கன்று நட்டார்கள். கோடரி பிடித்தவர்கள்தான் குழி தோண்டினார்கள்.

எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு வந்தது. தங்கதுரை மின்வாரியத்தில் சேர்ந்தார். அடுத்து வந்த தேர்தலில் ஆதிமூலத்தை எதிர்த்து ஒருவரும் மனுப் போடவில்லை.

இப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. அதே ஊரில், ஓட்டு வீட்டில், ராஜாம்பாளோடு இருக்கிறார்.